தடித்த எழுத்தை எங்கே வைப்பது? கலைக்களஞ்சியக் கட்டுரை எழுத வருபவர்களுக்கு

கலைக்களஞ்சியக் கட்டுரைகளைத் திருத்துவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். புதிதாக எழுத வருபவர்களின் முதல் கட்டுரையைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: பத்திக்குப் பத்து இடத்தில் தடித்த எழுத்து. எழுதியவர் அந்தப் பொருளை எவ்வளவு நேசிக்கிறார் என்பது அதைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு தகவலும் அவருக்கு முக்கியம். வாசகர் எதையும் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற தவிப்பு. அந்தத் தவிப்பு நல்லதுதான். அதைத் தடித்த எழுத்தில் கொட்டினால் மட்டும் பலன் கிடைக்காது. பத்து இடங்கள் ஒரே நேரத்தில் கண்ணை இழுத்தால் கண் எங்கேயும் நிற்காது.

பேச்சில் 'போல்டு' என்கிறோமே, அந்தத் தடித்த எழுத்துக்குக் கலைக்களஞ்சியத்திலும் அகராதியிலும் உள்ள வேலை, தேடி வருபவரின் கண்ணைப் பிடித்து நிறுத்துவது. "நீங்கள் தேடிய பெயர் இதோ" என்று சொல்வது. எந்தத் தகவல் முக்கியம் என்று உணர்த்துவது வாக்கியத்தின் பொறுப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் கீழே வரும் படிகளில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

அச்சுக்கலையிலும் இதற்கு ஒரு வேர் இருக்கிறது. சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் அமர்ந்து தனித்துத் தெரிவதற்கென்று வந்த தடித்த எழுத்துருக்களில் பெயர்பெற்றது கிளாரண்டன். இலண்டனின் ஃபேன் தெரு வார்ப்பகத்திலிருந்து 1845-இல் ராபர்ட் பெஸ்லி அதை வெளியிட்டார். அகராதிகளில் தலைச்சொல்லை எடுத்துக்காட்ட அது நன்றாகக் கைகொடுத்தது. பக்கத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போகிறவர் சரியான சொல்லில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. தமிழில் அந்தத் தேவை இன்னும் கொஞ்சம் அதிகம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு நம்மிடம் இல்லை. அதனால் ஒரு பெயர் வரிக்கூட்டத்துக்குள் எளிதில் மறைந்துபோகும். ஆகவே தடித்த எழுத்து நமக்கு அரிய பொருள். அதைச் சேமித்து, சரியான இடத்தில் செலவழிக்க வேண்டும்.

முதல் படி: தலைப்பு, முதல் வாக்கியத்தில், ஒரே ஒரு முறை

கட்டுரையின் தலைப்பு முதல் வாக்கியத்தில் வரும்போது அதைத் தடித்த எழுத்தில் இடுங்கள். விக்கிப்பீடியா போன்ற தளங்களில் மூல உரையைத் தொகுப்பவர்கள் சொல்லின் இரு பக்கமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறிகளை இடுவார்கள்:

'''பாதரசம்''' என்பது அறை வெப்பநிலையில் நீர்ம நிலையில் இருக்கும் ஓர் உலோகம். இதன் அணு எண் 80.

குறிகள் நேரானவையாக இருக்க வேண்டும். வேறொரு மென்பொருளில் எழுதி இங்கே கொண்டுவந்து ஒட்டும்போது அவை வளைந்த குறிகளாக மாறியிருக்கும்; அப்படி மாறியவை வேலை செய்யாது, பக்கத்தில் வெறும் குறிகளாகவே தெரியும். ஓர் இரட்டைக் குறியும் ஓர் ஒற்றைக் குறியும் சேர்ந்தால் பார்வைக்கு மூன்று போலவே இருக்கும். அதுவும் ஆகாது. இரண்டு ஒற்றைக் குறிகள் இட்டால் சாய்வெழுத்து வரும், ஐந்து இட்டால் இரண்டும் சேர்ந்து வரும். கருவிப்பட்டையில் உள்ள பொத்தானை அழுத்தினால் இந்தக் கணக்கே தேவையில்லை.

காற்புள்ளி, அடைப்புக்குறி போன்றவை தலைப்பின் பகுதியாக இல்லாவிட்டால் தடிப்புக்கு வெளியே நிற்கட்டும். அடுத்த வாக்கியத்தில் 'பாதரசம்' மறுபடி வந்தால் அதைச் சாதாரண எழுத்திலேயே விடுங்கள். வாசகர் வந்து சேர்ந்துவிட்டார், இரண்டாம் முறை வரவேற்க வேண்டியதில்லை.

தடித்த தலைப்புச் சொல்லுக்கு உள்ளிணைப்பும் கொடுக்காதீர்கள். வந்து இறங்கிய முதல் சொல்லிலேயே வாசகரை வேறு பக்கத்துக்கு அனுப்பியதாகிவிடும்.

உருபு ஒட்டினால் என்ன செய்வது?

இது தமிழில் எழுதுபவர்களுக்கு வரும் சிக்கல். வேறு மொழிகளுக்கு எழுதிய நடைக் கையேட்டில் இதற்கு விடை தேடினால் கிடைக்காது. நம் சொற்கள் வேற்றுமை உருபை ஏற்கும்போது தாங்களே உருமாறிவிடும். 'மரம்' என்பது 'மரத்தை' ஆகும். 'நாடு', 'நாட்டில்' ஆகும். தலைப்பு 'மரம்' என்றிருக்க, முதல் வாக்கியம் 'மரத்தின்' என்று தொடங்கினால் எதைத் தடிமனாக்குவது?

சிலர் சொல்லை வெட்டப் பார்ப்பார்கள். '''தேனீ'''யின் என்று எழுதினால் பிழைத்துக்கொள்ளலாம். 'யி' தனி எழுத்து, வெட்டு இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழுகிறது. ஆனால் 'பாலை' என்ற சொல்லில் 'பால்' வரை மட்டும் தடிமனாக்க முடியுமா? திரையில் நாம் பார்க்கும் 'லை' கணினிக்குள் இரண்டு குறியீடுகள்: முதலில் 'ல', அதன் பின் ஐகாரக் குறி. அந்த இரண்டுக்கும் நடுவே தடிப்பை முடித்தால் எழுத்துரு அவற்றைச் சேர்க்கத் திணறும். பல திரைகளில் ஐகாரக் குறி தன் எழுத்தைப் பிரிந்து ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். எழுதியவரின் திரையில் சரியாகத் தெரிந்தது, இன்னொருவரின் கைப்பேசியில் உடைந்து தெரியலாம். இப்படி உடைந்து நிற்கும் எழுத்தைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது, உடனே திருத்திவிடுவேன்.

வழி எளியது: தலைப்புச் சொல் எழுவாயாக வரும்படி முதல் வாக்கியத்தை அமையுங்கள். "மரத்தின் தண்டு கட்டையால் ஆனது" என்பதைவிட "'''மரம்''' கட்டைத்தண்டு உடைய, பல ஆண்டு வாழும் தாவரம்" என்பது வரையறையாகவும் நன்றாக இருக்கிறது, தலைப்பும் முழு உருவில் கிடைக்கிறது. 'என்பது' சேர்த்துக்கொள்ளலாம், அப்படிச் சேர்த்தால் கடைசியில் 'ஆகும்' வேண்டாம்.

இரண்டாம் படி: மற்றப் பெயர்கள்

ஒரு பொருளுக்கு வேறு பெயர் இருந்து, அந்தப் பெயரைத் தேடினாலும் இதே கட்டுரைக்கு வாசகர் வந்து சேருவார் என்றால், அந்தப் பெயரையும் தடித்த எழுத்தில் இடுங்கள். அதாவது வழிமாற்று உள்ள பெயர்கள்.

தாவரங்கள் ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பதை ஒருவர் 'ஒளிச்சேர்க்கை' என்று படித்திருப்பார், இன்னொருவர் 'ஒளித்தொகுப்பு' என்று படித்திருப்பார். இரண்டாமவர் தனக்குத் தெரிந்த சொல்லைத் தட்டச்சு செய்கிறார். திறக்கும் பக்கத்தின் தலைப்போ 'ஒளிச்சேர்க்கை'. ஒரு நொடி தயங்குவார்: தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ? முதல் வரியில் "'''ஒளிச்சேர்க்கை''' அல்லது '''ஒளித்தொகுப்பு'''" என்று இருந்தால் அந்தத் தயக்கம் அங்கேயே தீரும்.

வழிமாற்று கட்டுரையின் நடுவில் உள்ள ஒரு பகுதிக்கு வந்தால், அந்தப் பகுதியின் முதல் வாக்கியத்தில் அந்தச் சொல்லைத் தடிமனாக்கலாம். 'இராணித் தேனீ' என்று தேடினால் 'தேனீ' கட்டுரையின் ஒரு பகுதிக்குப் போகும் என்றால், '''இராணித் தேனீ''' அந்தப் பகுதியின் தொடக்கத்தில் தடித்து நிற்பது நியாயம்.

பிற மொழி எழுத்தில் உள்ள பெயரையும் ஒலிப்புக் குறிப்பையும் தடிமனாக்க வேண்டாம்.

ஆளுமைகளைப் பற்றிய கட்டுரையில் முழுப்பெயரும் பிறப்புப் பெயரும் தடித்த எழுத்தில் வரும்: "'''மேரி கியூரி''' (பிறப்பு: '''மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா''', 7 நவம்பர் 1867 – 4 சூலை 1934)". முனைவர், பேராசிரியர் போன்ற அடைமொழிகள் அந்தத் தடிப்புக்குள் வராது. 1903-லும் 1911-லும் அவர் பெற்ற இரண்டு நோபல் பரிசுகளைத் தடிமனாக்கக் கை பரபரக்கும். வேண்டாம். இயற்பியலுக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று என்று எழுதினாலே வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாம் படி: தலைப்பு வாக்கியத்தில் அடங்காவிட்டால் விட்டுவிடுங்கள்

எல்லாத் தலைப்பும் ஒரு பெயராக இருப்பதில்லை. 'வானியலின் வரலாறு' என்பது விளக்கத் தலைப்பு. இதைக் கட்டாயம் தடிமனாக்க வேண்டும் என்று நினைத்து "'''வானியலின் வரலாறு''' என்பது வானியல் வளர்ந்த வரலாறு ஆகும்" என்று எழுதுகிறார்கள். அந்த வாக்கியம் வாசகருக்கு எதையும் தரவில்லை. நேராகப் பொருளுக்குள் போங்கள்: விண்பொருள்களின் நகர்வைக் கொண்டு காலத்தைக் கணித்ததிலிருந்து தொடங்கலாம். தடித்த எழுத்து இல்லாத முதல் வாக்கியம் குறையுள்ளது என்று யாரும் சொல்லப்போவதில்லை.

நான்காம் படி: கட்டுரையின் உடலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள், அதனால் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு சற்று நின்று பார்ப்போம். புதியவர் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

ஒரு கூட்டில் '''ஒரே ஒரு இராணித் தேனீ''' மட்டுமே இருக்கும். அது ஒரு நாளில் '''2,000 முட்டைகள்''' வரை இடும். வேலைக்காரத் தேனீக்கள் '''அனைத்தும் பெண் தேனீக்களே'''. உணவு இருக்கும் இடத்தை அவை '''நடனம்''' மூலம் தெரிவிக்கின்றன என்பதைக் '''கார்ல் வான் ஃபிரிஷ்''' கண்டறிந்தார். அவருக்கு '''1973-இல் நோபல் பரிசு''' கிடைத்தது.

ஐந்து வாக்கியங்கள், ஆறு தடிப்புகள். தகவல்கள் அருமையானவை. ஆனால் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள்: 'ஒரே ஒரு' என்றும் சொல்லியாயிற்று, 'மட்டுமே' என்றும் சொல்லியாயிற்று. அழுத்தம் ஏற்கெனவே இரண்டு முறை விழுந்துவிட்டது. தடிப்பு மூன்றாவது முறை. 'பெண் தேனீக்களே' என்பதில் கடைசி ஏகாரம் இருக்கிறது. இலக்கணத்தில் இதைத் தேற்றேகாரம் என்பார்கள், உறுதியைக் காட்டுவதற்கென்றே உள்ள ஓர் எழுத்து. தான், மட்டும், கூட, உம் என்று இன்னும் எத்தனையோ வைத்திருக்கிறோம். எழுத்தைத் தடிமனாக்க வழியில்லாத ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே இந்த மொழியில் அழுத்தம் சொல்லுக்குள்ளேயே வருகிறது.

சொல்வரிசையும் உதவும். "கார்ல் வான் ஃபிரிஷ் கண்டறிந்தார்" என்றால் செய்தி கண்டுபிடிப்பில் நிற்கிறது. "கண்டறிந்தவர் கார்ல் வான் ஃபிரிஷ்" என்று திருப்பினால் வெளிச்சம் முழுவதும் ஆளின் மேல் விழும். அதே பத்தியைத் தடிப்பில்லாமல் எழுதிப் பார்ப்போம்:

ஒரு கூட்டில் பொதுவாக ஓர் இராணித் தேனீ மட்டுமே இருக்கும். முட்டையிடும் பருவத்தின் உச்சத்தில் அது ஒரே நாளில் 2,000 முட்டைகள் வரை இடும். வேலைக்காரத் தேனீக்கள் அனைத்தும் பெண் தேனீக்களே. உணவு இருக்கும் திசையையும் தொலைவையும் அவை ஒரு நடனத்தின் வழியே கூட்டிலுள்ள மற்றத் தேனீக்களுக்குத் தெரிவிக்கின்றன. அந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்தவர் கார்ல் வான் ஃபிரிஷ். 1973-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

இப்போது ஒவ்வொரு தகவலும் தன் இடத்தில் தானாகவே எழுந்து நிற்கிறது. 'பருவத்தின் உச்சத்தில்', 'திசையையும் தொலைவையும்' என்று துல்லியமும் கூடியிருக்கிறது. தடிப்பை எடுத்ததும் வாக்கியம் சப்பென்று தெரிந்தால் அங்கே ஒரு தகவல் குறைகிறது என்று பொருள். அதைத் தேடிச் சேர்ப்பதுதான் உண்மையான வேலை.

எச்சரிக்கைகளுக்கும் இதே கதைதான். "பாதரசம் '''மிகவும் ஆபத்தானது''', '''தொடவே கூடாது'''" என்று எழுதுவது அறிவிப்புப் பலகையின் மொழி. அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் நரம்பு மண்டலமும் சிறுநீரகமும் பாதிக்கப்படும் என்று எழுதுங்கள். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் கண்டறியப்பட்ட நோய்க்குக் காரணம், ஆலைக் கழிவில் வந்த மெத்தில் பாதரசம் மீன்கள் வழியே மக்களின் உடலில் சேர்ந்தது என்று எழுதுங்கள். அந்த ஊரின் பெயரிலேயே 2013-இல் ஓர் உலக உடன்படிக்கை ஏற்கப்பட்டது என்பதையும் சேருங்கள். படிப்பவர் அதன் பிறகு உடைந்த வெப்பமானியை அலட்சியமாகக் கையாள மாட்டார். எழுத்தை எவ்வளவு தடிமனாக்கினாலும் இந்த விளைவு வராது.

ஐந்தாம் படி: தலைப்பு வேண்டிய இடத்தில் தலைப்பையே போடுங்கள்

ஒரு வரியை மட்டும் தடிமனாக்கி, அதன் கீழே பத்திகளை எழுதுவது இன்னொரு பழக்கம். பார்வைக்கு உட்தலைப்பு போலத் தெரியும், மென்பொருளுக்கு அது வெறும் வரி. பொருளடக்கத்தில் வராது, அந்தப் பகுதிக்கென்று இணைப்புக் கொடுக்க முடியாது. பார்வையற்ற வாசகர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் நீண்ட கட்டுரையில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் வேண்டிய இடத்தை அடைவார்கள். தடித்த வரி அந்தத் தாவலில் சிக்காது. அது தடித்திருக்கிறது என்பதையே பெரும்பாலான திரைவாசிப்பான்கள் இயல்பு அமைப்பில் சொல்வதில்லை. ஆகவே சமக்குறிகள் இட்டு முறையான உட்தலைப்பு அமையுங்கள். அரைப்புள்ளியில் வரியைத் தொடங்கினாலும் தடித்த எழுத்து வரும், தெரியுமா? அது சொல்லும் பொருளுமாக வரும் பட்டியலுக்கு உரியது. உட்தலைப்புக்கு அதையும் பயன்படுத்த வேண்டாம்.

தானாகவே தடிப்பவை

உட்தலைப்பு, அட்டவணையின் தலைப்பு வரிசை, தகவற்பெட்டியின் தலைப்பு ஆகியவற்றை மென்பொருளே எடுத்துக்காட்டிவிடும். அவற்றுக்குள் மேலும் குறி இடத் தேவையில்லை.

இன்னொன்று புதியவர்களைக் குழப்பும். ஒரு கட்டுரைக்குள்ளேயே அதே கட்டுரைக்கு உள்ளிணைப்புக் கொடுத்தால், விக்கி மென்பொருள் அதை இணைப்பாக்காமல் தடித்த எழுத்தாகக் காட்டும். கட்டுரையின் அடியில் உள்ள வழிநடத்தல் பட்டியலில் இது பயனுள்ளது: பட்டியலில் நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியும். ஆனால் பத்தியின் நடுவே காரணமில்லாமல் ஒரு சொல் தடித்திருந்தால், மூல உரையைத் திறந்து உள்ளிணைப்புக்கான சதுர அடைப்புக்குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

சாய்வெழுத்துக்குப் பதிலாகத் தடித்த எழுத்தா?

நூற்பெயரையும் 'இந்தச் சொல்' என்று சுட்டிக்காட்டும் சொல்லையும் ஆங்கிலத்தில் சாய்வெழுத்தில் இடுவார்கள். தமிழில் பெரும்பாலான எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வெழுத்து வடிவம் கிடையாது; கணினி நிமிர்ந்த எழுத்தையே தள்ளிச் சாய்த்துக் காட்டும். சுழிகள் நெருங்கிப் படிக்கச் சிரமமாகிவிடும். அதனால் சிலர் அந்த இடங்களிலெல்லாம் தடித்த எழுத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நமக்கு ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது, அது போதும். இந்தக் கட்டுரையிலேயே 'மரம்', 'பாலை' என்று அப்படித்தான் எழுதிவருகிறேன்.

விலக்குகள் சில உண்டு. இயற்பியலில் திசையன்களின் குறியீட்டைத் தடித்த எழுத்தில் இடுவது அந்தத் துறையின் மரபு. அதை மாற்றக் கூடாது. அட்டவணையில் வென்றவரின் பெயரைத் தடிமனாக்கலாம். ஆனால் தடிப்பின் பொருளை அட்டவணைக்கு மேலே ஒரு வரியில் சொல்லி, கூடவே ஓர் உடுக்குறியோ (*) 'வெற்றி' என்ற சொல்லோ சேருங்கள். தடிப்பைக் காண முடியாதவருக்கும் தகவல் போய்ச் சேர வேண்டும். பிறர் எழுதியதை மேற்கோளாகத் தரும்போது அதில் தடிப்பு இருந்தால் அப்படியே விடலாம். நாமாகச் சேர்க்காமல் இருப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் 'தடித்த எழுத்து நாம் இட்டது' என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட வேண்டும்.

பதிப்பிக்கும் முன்

முன்தோற்றத்தைத் திறந்து, தடித்த சொற்களை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். 'ஒளிச்சேர்க்கை, ஒளித்தொகுப்பு' என்று பெயர்களாகவே வந்தால் சரி. 'மிகவும், முதன்முதலாக, 2,000, உலகப் புகழ்பெற்ற' என்று வந்தால் அவை ஒவ்வொன்றும் ஒரு வாக்கியத்தைத் திருத்தச் சொல்கின்றன. அப்புறம் கைப்பேசியிலும் ஒருமுறை பாருங்கள். சிறிய திரையில் தடித்த தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 'ண', 'ன', 'ஞ' நெருங்கி வரும் சொற்களில் அது நன்றாகவே தெரியும்.

பிறருடைய கட்டுரையில் தடிப்புகளை நீக்கும்போது அவசரம் வேண்டாம். முதலில் வாக்கியத்தைச் சீராக்குங்கள், பிறகு குறிகளை எடுங்கள். குறிகளை மட்டும் உருவிவிட்டுப் போனால் எழுதியவருக்குத் தன் உழைப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று தோன்றும். தொகுப்புச் சுருக்கத்தில் "தலைப்புக்கும் மாற்றுப் பெயர்களுக்கும் மட்டும் தடிப்பை வைத்து, மற்ற இடங்களில் நடையைத் திருத்தியுள்ளேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் கட்டுரை எழுதியவர் என்றால் அவருடைய பேச்சுப் பக்கத்தில், எந்தப் பத்தியை எப்படி மாற்றினீர்கள் என்று ஓர் எடுத்துக்காட்டையும் வைத்துவிடுங்கள்.